துகள் அறிக்கை

ரெலாவ் நர்சரியில் இருபத்தெட்டு ரிங்கிட்.
"பார்க்கத்தான், தின்ன இல்லை" என்றார் தவுக்கே,
சில்லறையை மண்ணோடு கையில் வைத்து.
குட்டை வாழை. என் தோளைத் தாண்டாதாம்.
ஆறாவது மாடி நடைபாதைக்கு அது போதும்.
பெயிண்ட் வாளியின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை.

எட்டு மாதம் அரிசி களைந்த நீரைக் குடித்தது,
மேல்வீட்டு ஏசியின் சொட்டையும்.
பொங்கலுக்கு இலை கேட்டு வந்த குணவதி அக்கா
சாண் வைத்து அளந்து பார்த்துவிட்டு
"இதில் சாப்பிட்டால் சாம்பார் தரைக்குத்தான்"
என்று போய்விட்டாள்.

ஒரு புதன் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து
கண்ணுக்குள் மைக்ரோஸ்கோப்பின் வட்டம் இன்னும் மிதக்க
சாவியைத் தேடியவள் நின்றேன்.
பூ.

குலை தள்ளினால் தலை கவிழும் என்றுதானே வாழைக்குப் பேர்?
இது கவிழவில்லை.
மைக் கிடைத்த யூனியன்காரர்போல
நெட்டுக்குத்தாக நின்றது.

காய் ரோஸ் நிறம்.
கல்யாண மண்டபத்து நாற்காலி உறையின் ரோஸ்.
மேலே பொடி மயிர், பூனைக்குட்டியின் காது மாதிரி.
பழுத்த அன்று
யாரும் தொடாமல் தானே தோலை உரித்துக்கொண்டது.
சுலபமான எதையும்
உரித்த வாழைப்பழம் என்பார்களே,
அதை நம்பித்தான் கடித்தேன்.

கடைவாயில் ஒரு சத்தம்.
சதை கொஞ்சம், மீதியெல்லாம் கறுப்புக் கல்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதைக் கேள்விப்பட்டதுண்டு,
சரளை ஏற்றியதை அன்றுதான் கண்டேன்.
பல் டாக்டர் நூற்று அறுபது வாங்கினாள்.
ஆக, ஒரு பழம் நூற்று எண்பத்தெட்டு.

மிச்சத்தை டப்பாவில் போட்டு
கேன்டீனுக்குக் கொண்டுபோனேன், காட்டத்தான்.
நேபாளத்து பிமலா எட்டிப் பார்த்தாள்.
அவள் மொழியில் ஏதோ கத்தினாள்,
பிறகு இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மலாயில்:
கடிக்காதே. சப்பு.

பஸ் வரும்வரை சப்பினோம்.
தித்திப்புதான், நிஜமான தித்திப்பு,
ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது,
அதற்கு நாக்கு விதைவிதையாகப் போய்க் கதவு தட்ட வேண்டும்.
பன்னிரண்டு மணி நேரம் முகமூடிக்குள் கிடந்த வாய்கள்
காலி மைலோ டின்னில் துப்பின.
ஒவ்வொன்றுக்கும் ஒரு டிங்.
அவளுக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்து மூன்று.

மறுநாள் இரவு லைன் நின்றது.
காற்றில் குளித்து, உச்சி முதல் பாதம்வரை வெள்ளை மாட்டி,
கண் இரண்டு மட்டும் ஆளாக நடக்கும் அறை அது.
கண்ணுக்குத் தெரியாத தூசிக்கே அனுமதி இல்லை.
அங்கே, ஏழாம் மேசைக்கடியில்,
நாலு மில்லிமீட்டர், கறுப்பு.
என் காலுறைச் சுருக்கத்தில் ஏறி வந்திருக்க வேண்டும்.

ஹஸ்லான் இடுக்கியால் எடுத்தார்,
உறையிலிட்டார், எண் ஒட்டினார்,
படிவத்தை என்னிடம் நீட்டினார்.
துகளின் நிறம். அளவு. மூலம்.
பிமலா கண்ணைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டாள்;
தோள் குலுங்கியது.

பீசாங், என்று எழுதினேன். வாழை.
"பீசாங்?" ஹஸ்லானுக்குக் கோபம்கூட வரவில்லை.
"வாழைக்கு ஏது விதை?"
அடித்துவிட்டு, தெரியவில்லை என்று
தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவரைச் சொல்லி என்ன,
வாழையடி வாழையாக என்று நாம் வாழ்த்துவதும்
பக்கக் கன்றை நினைத்துத்தான்.

அலமாரியில் இருப்பது இருக்கட்டும், திருப்பிக் கேட்கவில்லை.
டின்னில் இன்னும் எழுபத்து மூன்று.
டிசம்பரில் ஊருக்குப் போகையில்
பாதி வேண்டுமாம் பிமலாவுக்கு.
உங்கள் காட்டில் இல்லாததா, என்றேன்.
"அது குரங்கு துப்பினது" என்றாள்,
"இது நாம்."